கடிகாரம் எந்த ஊர்ல ஓடுது?

முக்கொம்புக்குப் போய் ரொம்ப நாளாச்சேன்னு போன மாசம் கிளம்பினேன். (1836-ல காட்டன் கட்டின மேலணை, 2018-ல மதகு உடைஞ்சது எல்லாம் தனிப் பதிவாப் போடணும்.) பூங்காவில எங்க ஊர்த் தம்பி ஒருத்தன் கம்பு ஊன்றி உட்கார்ந்திருந்தான். சிங்கப்பூர்ல கட்டட வேலை. சாரத்துலேர்ந்து விழுந்து முட்டி போயிடுச்சு.

"நஷ்ட ஈடு கேட்டியாடா?"

"உடம்பு தேறட்டும்னு வந்துட்டேண்ணே. ரெண்டு வருஷம் டயம் இருக்காமே?"

விழுந்து 14 மாசம். எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு.

அவனுக்குச் சொன்ன ஆள் முழுப் பொய் சொல்லலை. நம்ம 1923-ம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்துல கெடு 2 வருஷமாத்தான் இருந்தது. 1995-ல வந்த திருத்தம் வெளிநாட்டுல வேலை பார்க்கிறவங்களையும் சேர்த்துக்கிட்டது. ஆனா இந்தியாவுல பதிவான கம்பெனி எடுத்து அனுப்பினவங்களை மட்டும். இவனை எடுத்தது சிங்கப்பூர் கம்பெனி. அங்கத்திய சட்டத்துல விபத்து நடந்து 1 வருஷத்துக்குள்ள கேட்டாகணும். 2008-ல பேர் மாறுச்சு, 2020 செப்டம்பர்ல புதுச் சட்டமே வந்துச்சு. அந்த 1 வருஷம் மட்டும் மாறலை. வேலையை விட்டாலும் ஊருக்கு வந்தாலும் கேட்கலாம், நாள் தாண்டக்கூடாது. அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் பழசு. பம்பாயிலேர்ந்து போன ஒரு வழக்குல, காலக்கெடுங்கிறது வழக்கு நடத்தற முறையைச் சேர்ந்தது, எந்தக் கோர்ட்டோ அந்தக் கோர்ட்டோட கெடுதான்னு 1852-ல லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிடுச்சு. நம்ம 1963 காலவரையறைச் சட்டமும் வெளிநாட்டு ஒப்பந்தங்களுக்குக் கிட்டத்தட்ட அதே வழிதான். 1984-ல இங்கிலாந்து திருப்பிப் போட்டுது: எந்த நாட்டுச் சட்டப்படி தீர்ப்போ, அந்த நாட்டுக் கெடு. சிங்கப்பூரும் 2012-ல அப்படியே சட்டம் போட்டுச்சு.

வக்கீல்களுக்கு இது பெரிய மாற்றம். தம்பிக்கு? விபத்து அங்க, கம்பெனி அங்க, கோர்ட்டும் அங்க. எந்த விதியை எடுத்தாலும் ஓடறது அந்த ஊர்க் கடிகாரம்தான்.

ஒரு வழி பாக்கி இருக்கு. முதலாளியோட கவனக்குறைவுன்னு அங்க கோர்ட்ல வழக்குப் போட 3 வருஷம் உண்டு. இழப்பீட்டுச் சட்டத்துல யார் தப்புன்னு காட்ட வேண்டியதில்லை, இதுல காட்டணும். வக்கீல் வைக்கணும், சாட்சி வேணும்.

இன்னும் 22 மாசம். அன்னிக்கு அந்தச் சாரத்துல கூட நின்ன பசங்க பேரை ஒரு நோட்டுல எழுத ஆரம்பிச்சோம். நாலு பேர் தேறுச்சு. அதுல ஒருத்தன் இப்ப துறையூர்லதான் இருக்கானாம். ஞாயித்துக்கிழமை போறோம்.