வாக்குச்சீட்டும் நற்கருணை வரிசையும்

மேடையில் இனவாதம் கதைக்கிற அரசியல்வாதி ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகிறார் எண்டால், திருச்சபை அவருக்கு என்ன சொல்லவேணும்? "அது அரசியல், நாங்கள் தலையிடமாட்டம்" என்று நழுவுவது லேசு. 1950களில் நியூ ஓர்லியன்ஸ் பேராயர் ஜோசப் ரம்மலுக்கு அந்த வழி கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் தென்மாநிலங்கள் பெரும்பாலும் புரட்டஸ்தாந்து நாடு. தெற்கு லூசியானா அப்படியில்லை. அங்கே வாக்காளர், அரசியல்வாதிகள், கறுப்பின மக்களிலும் கணிசமானோர் கத்தோலிக்கர். ஆனால் கோவிலுக்குள்ளேயே கறுப்பினத்தவருக்குப் பின்வாங்கு. நற்கருணையும் வெள்ளையர் வாங்கி முடிந்த பிறகுதான். ரம்மல் 1953இல் இதை நிறுத்தச் சொல்லி மடல் எழுதினார். 1955இல் ஜெசுவிட் பெண்ட் என்ற ஊரில் பூசை வைக்க வந்த கறுப்பினக் குருவைச் சிலர் வாசலிலேயே திருப்பி அனுப்பியபோது, அந்தச் சிற்றாலயத்தின் வழிபாட்டையே நிறுத்தினார்.

1956 பெப்ரவரியில் இன்னொரு மடல். இனப் பிரிவினை ஒழுக்கரீதியாகத் தவறு, பாவம் என்று அதில் நேராகவே எழுதினார். காரணம் எளிமையானது: கடவுள் படைத்த மனித இனம் ஒன்று, மீட்பும் எல்லாருக்கும் ஒன்று. அதைக் கூறுபோடுவது இரண்டையும் மறுப்பதாகும். இந்த வாதத்தின் பலம் எங்கே என்றால், "இது எங்கட அரசியல் கருத்து" என்ற மறைப்பை அது பறித்துவிடுகிறது. கருத்தென்றால் விவாதிக்கலாம், பாவமென்றால் மனம் திரும்பத்தான் வேண்டும்.

ஆனால் வாக்கு வேறு பக்கம் விழுந்தது. 1960 ஆளுநர் தேர்தலில் பிரிவினையைக் காப்பேன் என்ற ஜிம்மி டேவிஸ் வென்றார். தோற்றவர் நியூ ஓர்லியன்ஸ் மேயர் மொரிசன், ஒரு கத்தோலிக்கர். கறுப்பினத்தவரின் ஆதரவு அவருக்கு இருந்ததே அவருக்கு எதிரான பிரசாரமாகியது. அதே ஆண்டு நவம்பரில் ஆறு வயதுச் சிறுமிகள் நால்வர் அரச பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்தார்கள். அடுத்த நாளே பிளாக்கமின்ஸ் பகுதியின் பெருந்தலை லியாண்டர் பெரெஸ், அவரும் கத்தோலிக்கர்தான், நகர மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் பெண் பிள்ளைகளின் மானத்தைச் சாட்டிப் பயத்தைக் கிளப்பினார். மறுநாள் தெருவில் கலவரம்.

கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களைத் திறப்பதாக ரம்மல் அறிவித்தது 1962 மார்ச்சில்தான். எதிர்ப்பைத் தூண்டிய பெரெஸ், ஜாக்சன் ரிக்கோ, ஊனா கையோ என்ற மூவரையும் முதலில் எச்சரித்தார். கேட்கவில்லை. ஏப்ரல் 16ஆம் திகதி மூவரையும் திருச்சபையிலிருந்து விலக்கினார். அப்போது அவருக்கு வயது 85, கண்பார்வை அநேகமாக இல்லை.

இதை வீரக்கதையாக மட்டும் வாசித்தால் ஒரு விஷயம் தவறிப்போகும். விலக்கு ஆணையின் குற்றச்சாட்டு இனவாதம் அல்ல. பேராயரின் ஆணைக்கு எதிராக மக்களைத் தூண்டியது. அதாவது, கீழ்ப்படியாமை. பாவம் என்று எழுதிய நாளுக்கும் பள்ளிக்கூடக் கதவு திறந்த நாளுக்கும் இடையில் ஆறு வருசத்துக்கு மேல். அரச பள்ளிக்கூட வாசலில் அந்தச் சிறுமிகள் வசை வாங்கிய நாட்களில், திருச்சபையின் வெள்ளையர் பள்ளிக்கூடங்கள் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பூட்டித்தான் கிடந்தன.

திறந்த பிறகும் விலை கொடுத்தவர்கள் அவர்கள்தான். பிளாக்கமின்ஸில் பியூராஸ் என்ற ஊரின் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துக்கு 1962 ஓகஸ்டில் ஐந்து கறுப்பினப் பிள்ளைகள் போனார்கள். மிரட்டலும் பகிஷ்கரிப்பும் அவர்களை வரவேற்றன. பெரெஸோ 1968இல் ஜோர்ஜ் வொலஸின் ஜனாதிபதித் தேர்தல் வேலையில் முன்னுக்கு நின்றார். லூசியானாவில் வொலஸ் வென்றார். சாவதற்கு முன் திருச்சபையோடு சமரசமாகி, 1969இல் கோவில் பூசையோடு அடக்கம் செய்யப்பட்டார்.

அப்ப மடல் வீணா? இல்லை. அதற்குப் பிறகு, பக்தியைக் காட்டிப் பிரிவினையை நியாயப்படுத்தியவர்கள் அந்த மறைமாவட்டத்தில் பேராயரின் போதனைக்கு எதிராகவே பேசவேண்டியிருந்தது. ஆனால் கண்டனத்தை வாசித்துக் கேட்பிப்பதோடு கடமை முடிந்ததென்று நினைக்கும்போது, மேடையில் நிற்பவர் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுகிறார். வாசலில் நிற்பது பிள்ளைகள்தான்.