வெயிலும் தூண் நிழலும்: மதுரையை முன்வைத்து இரு தொட்டி பிலிம் கழுவலின் வரலாறு

கறுப்பு வெள்ளை பிலிம் கழுவும் முறைகளின் வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வரிசையாகவே எழுதப்பட்டிருக்கிறது. எந்த ஊரில், எந்தத் தண்ணீரில், எந்த வெக்கையில் கழுவினார்கள் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. கையேடுகள் 20 டிகிரி செல்சியஸை உலகுக்கெல்லாம் பொதுவான நிலையாக வைத்துக்கொண்டு பேசுகின்றன. மதுரையில் சித்திரை மாதத்துக் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். வெக்கை போதாதென்று வெளிச்சமும் ஒரு சிக்கல். மாசி வீதியில் அடிக்கும் வெயிலுக்கும் புதுமண்டபத்துத் தூண்களின் உட்புறத்துக்கும் இடையிலான ஒளி வேறுபாடு ஆயிரம் மடங்கைத் தொட்டுவிடும். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் இரு தொட்டி முறை, அதாவது பிலிமை முதலில் ஒரு கரைசலிலும் பிறகு வேறொரு கரைசலிலும் கழுவும் முறை, நம் பக்கத்துக்கு ஏன் பொருந்துகிறது என்பது விளங்கும்.

சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் நியமிக்கப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858இன் முன்மாதங்களில் மதுரையைப் படமெடுத்தார். மீனாட்சி அம்மன் கோயில், புதுமண்டபம், தெப்பக்குளம், திருமலை நாயக்கர் மகால், விளக்குத்தூண் எல்லாம் அவர் படங்களில் உண்டு. ஆளுநர் நேப்பியர் பிரபு காலத்துச் சீரமைப்புக்கு முந்தைய மகாலை, அதன் இடிபாட்டோடு, நாம் பார்க்க முடிவது இந்தப் படங்களால்தான். அவர் பெரிதும் பயன்படுத்தியது கண்ணாடித் தகடு அன்று. ஓரடிக்கும் மேல் நீளமான மெழுகு ஏற்றிய தாள். பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1851இல் வெளியிட்ட முறை அது. ஒரு வகையில் இன்றைய ஷீட் பிலிமுக்கு மூதாதை என்றே அந்தத் தாளைச் சொல்லலாம்: ஒரு படத்துக்கு ஒரு தாள், ஒவ்வொன்றையும் தனித்தனியே கவனித்துக் கழுவலாம்.

அந்தத் தாளைக் கழுவிய விதம் கவனிக்கத்தக்கது. காலிக் அமிலத்தில் சிறிது வெள்ளி நைட்ரேட் சேர்த்த கரைசலில் மணிக்கணக்கில் ஊறவிட வேண்டும். கரைசலில் இருக்கும் வெள்ளி ஒளிபட்ட இடங்களில் மெல்லப் படிந்து படம் உருவாகும். வெக்கை கூடினால் அதே வெள்ளி கண்ட இடத்தில் படிந்து கறையாகும். எனவே மெதுவாகப் போவது விருப்பமன்று, கட்டாயம். நீல ஒளிக்கு மட்டுமே மசியும் அந்தத் தாளில் வானம் வெறுமையாக விழுந்ததால், டிரைப் நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்தார். படத்தில் விழுந்த மதுரை வானத்தின் மேகங்களில் சில தூரிகையால் வந்தவை என்பது ஒரு சுவையான செய்தி. ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் செலவு மிகுதி என்று கருதியதால் டிரைப்பின் பணி அத்துடன் முடிந்தது.

பத்தாண்டுக்குள் காட்சி மாறியது. 1867-68இல் தென்னகக் கோயில்களை அரசுக்காகப் படமெடுத்த எட்மண்ட் டேவிட் லயன் ஈரக் கொலோடியன் தகட்டைக் கையாண்டார். தகட்டில் பூசி, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கூடாரத்தில் கழுவிவிட வேண்டும். இங்கே வெக்கை வேறோர் இடத்தில் தாக்குகிறது. கொலோடியனில் உள்ள ஈதர் ஆவியாகித் தகடு விரைவில் காய்ந்துவிடும். கழுவுவதோ சில நொடி வேலை.

உண்மையான சிக்கல் ஜெலட்டினோடு வந்தது. 1871இல் ரிச்சர்ட் லீச் மாடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் முன்வைத்த ஜெலட்டின் தகடு தொழிற்சாலைப் பொருளானது. 1888இல் ஜான் கார்பட் அதே பூச்சைச் செல்லுலாய்டின் மேல் ஏற்ற, ஷீட் பிலிம் பிறந்தது. படக்காரருக்கு இது பெரிய விடுதலை. ஆனால் ஜெலட்டின் தண்ணீரில் உப்பும், சூட்டில் இளகும். தாளும் கொலோடியனும் கழுவும்போது கரைந்து போனதில்லை, ஜெலட்டின் போகும். அதாவது வெக்கை என்பது கழுவும் அறையில் பூச்சையே அழிக்கும் பிரச்சினையாக மாறியது இந்தக் கட்டத்தில்தான். வெப்பநாடுகளுக்கென்று எழுதப்பட்ட இந்தக் குறிப்புகள் இதற்குப் பிந்தியவை: ட்ரேயைச் சுற்றி ஐஸ் வை, விடியுமுன் கழுவு, ஜெலட்டின் உப்பாமலிருக்க டெவலப்பரில் சோடியம் சல்பேட் சேர், குரோம் படிகாரத்தில் முக்கி இறுக்கு. கோடாக்கின் டிகே-15 இந்த வழியில் அமைந்த வெப்பநாட்டு டெவலப்பர்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பைரோ என்ற கழுவு மருந்தின் காலத்து ஸ்டூடியோக்களிலும் அ, ஆ என்று இரண்டு புட்டிகள் இருந்தன. ஒன்றில் கழுவு மருந்து, மற்றதில் காரம். ஆனால் இரண்டையும் கழுவுவதற்குச் சற்று முன் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். அது சேமிப்புக்கான ஏற்பாடு. இரு தொட்டி முறையில் கலப்பது கரைசலில் நடப்பதில்லை. பிலிமின் பூச்சுக்குள்ளேயே நடக்கிறது. இந்த வேறுபாட்டைக் காணாமல் இரண்டையும் ஒரே மரபாக எழுதுவது தவறு.

1891இல் மெட்டால் என்ற கழுவு மருந்து வந்தது; 1925இல் லைக்கா என்ற சிறு கேமரா வந்தது. சிறு பிலிமின் ஒரே சுருளில் வெயில் படமும் நிழல் படமும் கலந்து இருக்க, எல்லாவற்றையும் ஒரே நேரம் கழுவ வேண்டிய நெருக்கடி எழுந்தது. அதற்கு விடையாகப் பரவிய முறைகளில் ஹைன்ரிக் ஸ்டோக்லரின் பெயரால் வழங்கும் கலவை எளிமையானது. முதல் தொட்டியில் ஒரு லிட்டருக்கு மெட்டால் 5 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம். இரண்டாவதில் வெண்காரம் 10 கிராம். அவ்வளவுதான். ஆன்சல் ஆடம்ஸ் 1948இல் வெளியிட்ட நெகட்டிவ் பற்றிய நூலில் இரு கரைசல் முறையையும், டெவலப்பருக்கும் வெறும் தண்ணீருக்கும் மாற்றி மாற்றி வைக்கும் முறையையும் விளக்கிப் பெரிய பிலிம்காரர்களுக்கும் கொண்டுசேர்த்தார். பின்னாளில் பாரி தார்ன்டன் இரண்டாம் தொட்டியில் வெண்காரத்துக்குப் பதிலாகச் சோடியம் மெட்டாபோரேட் வைத்தார்.

முதல் தொட்டியில் பூச்சு மெட்டாலை உறிஞ்சிக்கொள்ளும். காரத்துக்கு மாறியதும் அது விழித்து வேலை செய்யும். வெயில் பட்ட பகுதியில் வேலை அதிகம். உறிஞ்சிய மருந்து சீக்கிரம் தீர்ந்து அங்கே கருமை ஏறுவது நின்றுவிடும். தூண் நிழலில் வேலை குறைவு. மருந்து மிஞ்சியிருக்கும், படம் தொடர்ந்து வளரும். முதல் தொட்டியில் எதுவுமே நடக்காது என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். சல்பைட்டே மென்காரம் என்பதால் அங்கும் கணிசமாகப் படம் வரும். எனவே முதல் தொட்டிக்கு வெப்பநிலை முக்கியம். இரண்டாவதற்கு அவ்வளவு இல்லை.

ஸ்டூடியோவுக்கு இந்த முறை தேவைப்பட்டிருக்காது என்பது என் கருத்து. அங்கே வெளிச்சத்தையே திரையாலும் வெள்ளைப் பலகையாலும் மாற்றிக்கொள்ளலாம்; முகத்தில் டச்சிங் செய்யக் கனமான நெகட்டிவும் வேண்டும். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைப் பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு எண்ணிமமாக்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பணி அந்த வேறோர் உலகத்தைக் காட்டுகிறது. இரு தொட்டி முறைக்கு உரிய இடம் கோயிலும் மண்டபமும் கண்மாய்க்கரையும்தான்.

நடைமுறையிலும் அது மதுரைக்கு ஒத்துப்போகிறது. 20 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் கேட்கும் சாதாரண டெவலப்பர் 30 டிகிரியில் நான்கு நிமிடத்துக்கும் கீழே இறங்கிவிடும். இருட்டில் நாலைந்து ஷீட்டை ட்ரேயில் அடியிலிருந்து மேலாக மாற்றிக்கொண்டிருப்பவருக்கு அந்த நேரம் போதாது. திட்டுத் திட்டாக விழும். இரு தொட்டியில் ஷீட்களை அதே வரிசையில் ஒவ்வொன்றாக இரண்டாவதற்கு மாற்றினால், அங்கே மூன்று நிமிடமா ஐந்தா என்பது பெரிதன்று. முன்னதாகத் தண்ணீரில் ஊறவைக்கவும் கூடாது, இடையில் அலசவும் கூடாது; இரண்டும் உறிஞ்சிய மருந்தைக் களவாடிவிடும். இரண்டாவதில் முதல் அரை நிமிடம் ஆட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கோடு விழும். முதல் கரைசல் மாதக்கணக்கில் உழைக்கும். இரண்டாவதைக் கொட்டிவிடலாம்; வெண்காரம் நகைப் பட்டறைகள் பற்றவைக்கப் பயன்படுத்தும் மலிவான சரக்கு, தெற்காவணி மூல வீதிப் பக்கம் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. போர் தண்ணீரின் உப்பு வெள்ளைக் கசடாகப் படியும் என்பதால் கேன் தண்ணீரில் கரைப்பது நல்லது. இரண்டாவதன் சூடு பெரிதில்லை என்றாலும், எல்லாக் கரைசல்களும் அலசும் தண்ணீரும் ஒன்றுக்கொன்று ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று குளிர்ந்தும் ஒன்று சுட்டும் இருந்தால் பூச்சு சுருங்கி வலை விழும்.

ஒரு தடை உண்டு. 1930களின் தடித்த பூச்சு நிறைய மருந்தை உறிஞ்சியது. இன்றைய மெல்லிய பூச்சு அவ்வளவு உறிஞ்சாததால் நெகட்டிவ் சில நேரம் வெளுத்து வரும். 1967 முதல் ஊட்டியில் இந்து என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சரக்கைத் தயாரித்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸும் மூடப்பட்டுவிட்டது. வெளிநாட்டு ஷீட் பிலிமின் விலை கைக்கு எட்டுவதில்லை. அதனால் பெரிய கேமரா வைத்திருப்போர் பல நாடுகளில் எக்ஸ்ரே பிலிமை வெட்டிப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு இருபுறமும் பூச்சு உண்டு, கான்ட்ராஸ்டும் மிக அதிகம். அந்தக் கடுமையைத் தணிக்க இரு தொட்டி முறை கைகொடுக்கிறது. ட்ரேயின் அடியில் உரசினால் கீழ்ப்பூச்சு கீறிவிடும் என்பதால், ட்ரேக்குள் வழவழப்பான கண்ணாடி போட்டு, ஒரு முறைக்கு ஒரே ஒரு ஷீட் கழுவ வேண்டும்.