மலிவு எங்கிருந்து வருகிறது? - ஒரு துப்பாக்கியின் வரலாறு

ஒரே பெயர், ஒரே வடிவம், ஒரே தொழிற்சாலை. ஆனால் விலை மட்டும் இரண்டு. இத்தகைய இரு பொருள்களை அருகருகே காணும்போது, "விலை குறைந்ததில் எதைக் குறைத்திருக்கிறார்கள்?" என்ற ஐயம் எவருக்கும் எழுவது இயல்பே. தையல் எந்திரமாயினும் மிதிவண்டியாயினும் கேள்வி ஒன்றுதான். அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் உழவர்களும் காவல்துறையினரும் பல தலைமுறைகளாகப் பயன்படுத்தி வரும் பம்ப் வகை ஷாட்கன், அதாவது சிதறுகுண்டுத் துப்பாக்கி, இக்கேள்விக்குத் தெளிவான விடை தருகிறது. தவறான இடத்தில் சிக்கனம் செய்தால் ஆபத்து விளையும் கருவி அது. ஆகவே, எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கலாகாது என்பதை அதன் வரலாறு நன்கு எடுத்துக் காட்டுகிறது.

கைப்பிடியின் இரு அசைவுகள்

முதலில் இதன் இயக்கத்தைப் பார்ப்போம். துப்பாக்கிக் குழலின் அடியில் மற்றொரு சிறு குழாய் உண்டு. தோட்டாக்கள் அதில் வரிசையாகக் கிடக்கும். அக்குழாயின் மேல் ஒரு மரக் கைப்பிடி முன்னும் பின்னும் நகரும். அதைப் பின்னுக்கு இழுத்தால், வெடித்த தோட்டாவின் வெற்றுக் கூட்டை ஒரு கொக்கி பிடித்திழுத்து வெளியே எறிகிறது. முன்னுக்குத் தள்ளினால், புதிய தோட்டா மேலெழும்பிக் குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் புகுகிறது. அதன் பின்னால் ஓர் எஃகுக் கட்டை வந்து அடைத்துப் பூட்டிக்கொள்கிறது.

இந்தப் பூட்டுதான் துப்பாக்கியின் உயிர்நிலை. '12 போர்' என்னும் வகையை எடுத்துக்கொள்வோம். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுவே இக்குழலின் உள்விட்டம், ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். இவ்வகைச் சாதாரணத் தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் அனுமதிக்கப்படும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. இது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 780 மடங்கு! பூட்டு நழுவினால் அவ்வளவு விசையும் சுடுபவரின் முகத்தை நோக்கியே வரும்.

எஃகைக் குடைந்த காலம்

கிறிஸ்டோபர் ஸ்பென்சர் என்பவர் 1880களில் விற்பனைக்குக் கொண்டுவந்த துப்பாக்கியே இவ்வகையில் முதலில் ஓரளவு வெற்றி கண்டது. பின்னர் ஜான் பிரௌனிங் அமைத்த 1893, 1897 மாதிரிகளை வின்செஸ்டர் நிறுவனம் வெளியிட்டது. அந்நிறுவனத்தின் பொறியாளர் டி. சி. ஜான்சன் 1912இல் அமைத்த மாதிரியோ பின்னால் 'மாடல் 12' என்ற பெயரில் பெரும் புகழ் பெற்றது. ஏறத்தாழ 20 இலட்சம் துப்பாக்கிகள் செய்யப்பட்டன.

அதன் உறுப்புகள் காய்ச்சி அடித்த எஃகுக் கட்டிகளிலிருந்து குடைந்தெடுக்கப்பட்டவை. அடைப்புக் கட்டை, இயங்குறுப்புகளைத் தாங்கும் எஃகுப் பெட்டியிலேயே பூட்டிக்கொள்ளும். ஆகவே குழல், பெட்டி, கட்டை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மிக நுட்பமாகப் பொருந்த வேண்டும். தேர்ந்த தொழிலாளி அவற்றைப் பார்த்துப் பார்த்துப் பொருத்துவார். எஃகின் விலையைக் காட்டிலும் அந்தக் கைகளின் நேரமே விலையை உயர்த்தியது. கூலி உயர்ந்துகொண்டே சென்ற நாட்டில் இது நெடுநாள் நீடிக்கவில்லை. 1964இல் வின்செஸ்டர் இதன் வழக்கமான உற்பத்தியை நிறுத்திக்கொண்டது.

1950: சிந்தித்துக் குறைத்த செலவு

போட்டி நிறுவனமான ரெமிங்டனும் இதே சிக்கலில்தான் இருந்தது. 1931இல் அது வெளியிட்ட 'மாடல் 31' மென்மையான இயக்கத்துக்குப் பெயர் பெற்றிருந்தும், விற்பனையில் மாடல் 12ஐ வெல்ல முடியவில்லை. ஆகவே பொறியாளர்கள் புதிதாகச் சிந்தித்தனர். 1950இல் 'மாடல் 870' பிறந்தது.

இதில் அடைப்புக் கட்டை, குழலின் பின்முனை நீட்டத்தில் உள்ள பள்ளத்திலேயே நேராகப் பூட்டிக்கொள்கிறது. வெடிப்பின் அழுத்தத்தைக் குழலும் கட்டையும் தமக்குள்ளேயே தாங்கிக்கொள்கின்றன. பெட்டிக்கு அந்தச் சுமை இல்லை. குழலை ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே பொருத்த வேண்டிய வேலையும் ஒழிந்தது. ஒரு திருகு மூடியைக் கழற்றி, அதே அளவுள்ள வேறொரு குழலை உரிமையாளரே மாட்டிக்கொள்ளலாம்.

மற்றொரு திருத்தமும் குறிப்பிடத்தக்கது. மேசையின் இழுப்பறையை ஒரு மூலையில் மட்டும் பிடித்து இழுத்துப் பாருங்கள். அது கோணிக்கொண்டு சிக்கும். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் கைப்பிடியையும் கட்டையையும் ஒரே எஃகுப் பட்டை இணைத்தது. 870இல் இருபுறமும் ஒவ்வொரு பட்டை அமைந்ததால் இழுப்பு நேராயிற்று. உள்ளுறுப்புகள் சிலவற்றைக் குடைந்து செய்யாமல் தகட்டிலிருந்து அச்சில் வெட்டினர். நிறுவனத்தின் வேறு துப்பாக்கிகளோடு பொது உறுப்புகளும் அமைந்தன. விலை குறைந்தது; உறுதி குறையவில்லை. 2009ஆம் ஆண்டுக்குள் ஒரு கோடி 870 துப்பாக்கிகள் செய்யப்பட்டுவிட்டன.

இக்கருத்தை மற்றவர்களும் கைக்கொண்டனர். 1960களின் தொடக்கத்தில் வந்த மாஸ்பெர்க் 500இல் பெட்டியே அலுமினியக் கலவையால் ஆனது. அழுத்தம் பெட்டியைத் தாக்காத போது அது எஃகாக இருக்க வேண்டிய தேவை என்ன?

1987: வேலையை விட்டுக் குறைத்த செலவு

1987இல் ரெமிங்டன் தன் துப்பாக்கிக்கே ஒரு மலிவுத் தம்பியை உருவாக்கியது. பழைய உயர்தர வகை 'விங்மாஸ்டர்', புதியது 'எக்ஸ்பிரஸ்'. இரண்டிலும் பொறியமைப்பு ஒன்றே, பூட்டும் ஒன்றே. அப்படியானால் விலை எங்கே குறைந்தது?

முதலாவது, மேற்பரப்பு. விங்மாஸ்டரின் எஃகு கண்ணாடி போல் மெருகேற்றப்பட்டு நீலக்கருமை ஊட்டப்பட்டது. இக்கருமை, வேதியியல் முறையில் உண்டாக்கப்பட்ட மெல்லிய இரும்பு ஆக்சைடுப் படலம். எக்ஸ்பிரஸில் மெருகேற்றும் வேலை இல்லை. நுண்மணிகளை வேகமாக வீசி மங்கலாக்கப்பட்ட பரப்பு. சொரசொரப்பான பரப்பில் ஈரம் எளிதில் தங்கும். எண்ணெய் பூசாது வைத்தால் அது விரைவில் துருப்பிடிக்கிறது.

இரண்டாவது, மரம். ஒன்றில் வால்நட் மரம். மற்றதில் விலை குறைந்த வேறு கடின மரம். இது கண்ணுக்கும் கைக்கும் உரிய வேறுபாடு. சுடும் திறனுக்கு உரியதன்று.

மூன்றாவது, சிற்றுறுப்புகள். தோட்டாவைப் பிடித்திழுக்கும் கொக்கி உயர்தர வகையில் எஃகிலிருந்து வெட்டப்பட்டது. பிற்கால எக்ஸ்பிரஸில் அது உலோகத் தூளை ஒரு பிசினோடு குழைத்து, அச்சில் செலுத்தி, சூளையில் இறுக்கிச் செய்யப்பட்டது. இம்முறை தன்னளவில் கெட்டதன்று. தரக் கட்டுப்பாடு செம்மையாக இருந்தால் நல்ல உறுப்பே கிடைக்கும்.

நான்காவதுதான் முக்கியமானது, கண்ணில் படாதது. தோட்டா வெடிக்கும்போது அதன் கூடு விரிந்து அறையின் சுவரை அழுத்துகிறது. உடனே சற்றுச் சுருங்கி விடுபடுகிறது. அறையின் உட்சுவரில் கருவி கிழித்த வரிகள் இருந்தால் கூடு அவற்றைப் பற்றிக்கொள்ளும். பித்தளை அடிக்குப் பதிலாக எஃகு அடி கொண்ட மலிவுத் தோட்டாக்களில் இத்தொல்லை மிகுதி. பித்தளை அளவுக்கு அவை மீளச் சுருங்குவதில்லை. எக்ஸ்பிரஸ் வகையைப் பற்றிப் பரவலாக எழுந்த குறை இதுவே. அதற்குக் கண்ட பரிகாரமோ மிக எளியது: அறையின் உட்புறத்தை நன்கு மெருகேற்றுதல். தொழிற்சாலை சேமித்த சில நிமிட வேலையை வாங்கியவர் தம் கையால் செய்ய வேண்டியதாயிற்று!

எதைப் பார்த்து வாங்குவது?

ஆக, மலிவு இருவகைப்படும். 1950இல் வந்தது தேவையற்ற வேலையை அறிவால் நீக்கிய மலிவு. 1987இல் வந்ததில் ஒரு பகுதி தேவையான வேலையையும் விட்டுவிட்ட மலிவு. முன்னது வாங்குபவருக்கு ஊதியம். பின்னது அவர் தலையில் ஏறிய கடன்.

இரண்டையும் ஒப்பிடுபவர், தோட்டா ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின், பளபளப்பை மறந்துவிட்டுச் சில இடங்களைப் பார்க்க வேண்டும். பூட்டு எதில் சேர்கிறது? கைப்பிடி கோணாமல் ஓடுகிறதா? விளக்கு வெளிச்சத்தில் அறையின் உட்சுவர் வழவழப்பாக இருக்கிறதா? கொக்கி உறுதியாகப் பிடிக்கிறதா? இவை சரியாக இருந்தால் மங்கலான பரப்பும் எளிய மரமும் குறையே அல்ல. எண்ணெய்த் துணி ஒன்று போதும். இவை சரியில்லாவிட்டால் வால்நட் மரமும் நீலக்கருமையும் உதவ மாட்டா.

துப்பாக்கி வாங்கும் தேவை நம்மில் பெரும்பாலோர்க்கு வரப்போவதில்லை. ஆனால் நீர் இறைக்கும் பம்பு, தையல் எந்திரம், மிதிவண்டி என ஏதேனும் ஒன்றை வாங்காதவர் இல்லை. விசை எங்கே தாங்கப்படுகிறது, உராய்வு எங்கே நிகழ்கிறது என்ற இரு கேள்விகளையும் கேட்கக் கற்றுக்கொண்டவரை விலைச்சீட்டு எளிதில் ஏமாற்ற முடியாது.