கப்பலில் தொடங்கி மலையேறிய காப்பீடு



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். நம்ம போடியில் ஏலக்காய் வாங்கி விற்கிறார். ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு வராமல் என்னிடம் அடிக்கடி நின்றவர். கையில் ஒரு கட்டுத் தாள். "சார், எத்தனை இன்சூரன்ஸ்தான் கட்டுறது? எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுட்டா என்ன?" என்று கேட்டார். அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏலக்காய் மலையிலிருந்து கீழே வருகிறது. தோட்டம், காய் உலர்த்தும் ஸ்டோர், ஜீப், போடி குடோன், கடைசியில் துறைமுகம். காப்பீடு இதற்கு நேர் எதிராக வந்தது. கடலில் பிறந்து, குடோனுக்கு வந்து, மெல்ல மலையேறியது. ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு நஷ்டத்துக்குப் பிறகு வந்ததால்தான் தாளும் தனித்தனியாக இருக்கிறது.

மிளகு விற்ற முசிறித் துறைமுகம் தெரியும்தானே? அந்த வணிகத்துக்காக எழுதிய ஒரு கடன் பத்திரம், கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இன்று வியன்னாவில் இருக்கிறது. ரோமானியர்களின் கடல் கடனில் ஒரு வழக்கம் உண்டு. கப்பல் மூழ்கினால் கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அதற்காக வட்டி அதிகம். பாலிசி என்ற பெயர் இல்லாத பாலிசிதான் அது. பிறகு 1680களில் லண்டனில் எட்வர்ட் லாய்டு என்பவரின் காப்பிக் கடையில் கப்பல்காரர்கள் கூடிப் பேசியதிலிருந்து இன்றைய லாய்ட்ஸ் வளர்ந்தது. ஒரு வேடிக்கை பாருங்கள். போடியிலிருந்து லாரியில் வடக்கே போகும் மூட்டைக்குப் போடுகிற பாலிசிக்கும் இன்றுவரை 'மரைன்' என்றுதான் பெயர். தண்ணீரே பார்க்காத லாரிக்கு!

1666இல் லண்டன் எரிந்தது. 13,000 வீடுகளுக்கு மேல் சாம்பல். அதன் பிறகுதான் நிக்கோலஸ் பார்பன் என்பவர் கட்டடங்களுக்குத் தீக்காப்பீடு தொடங்கினார். நம் நாட்டில் முதல் பொதுக் காப்பீட்டுக் கம்பெனி டிரைட்டன், 1850இல் கல்கத்தாவில் வந்தது. 1973 ஜனவரி 1 முதல் 107 கம்பெனிகளை அரசு நான்காகச் சேர்த்தது. அதில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் நம் சென்னையில் இருக்கிறது.

தீக்காப்பீட்டில்தான் நம் வியாபாரிகள் அதிகம் ஏமாறுகிறார்கள். யாரும் ஏமாற்றுவதில்லை, கணக்கு ஏமாற்றுகிறது. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது நினைவிருக்கும். கிலோ 1,000 விற்றபோது எழுதிய தொகையையே அப்போதும் புதுப்பித்தவர்கள் இருந்தார்கள். குடோனில் 40 லட்சத்துக்குச் சரக்கு, பாலிசி 10 லட்சத்துக்கு என்று வையுங்கள். 8 லட்சத்துச் சரக்கு எரிகிறது. எவ்வளவு கிடைக்கும்? "பத்து லட்சத்துக்குள்ளதானே சார், எட்டும் கிடைக்கும்" என்றார் மாணவர். கிடைக்காது. மதிப்பில் நாலில் ஒரு பங்குக்குத்தான் பணம் கட்டியிருக்கிறார், அதனால் நஷ்டத்திலும் நாலில் ஒரு பங்கு, 2 லட்சம்தான். இதற்குச் சராசரி விதி என்று பெயர். "பின்னக் கணக்கு விட மாட்டேங்குதே சார்" என்று சிரித்தார். இருப்பு ஏறி இறங்கும் வியாபாரத்துக்கு, மாதாமாதம் மதிப்பைத் தெரிவிக்கும் டிக்ளரேஷன் பாலிசி உண்டு. திருட்டுக்கு இன்னொரு தாள்.

சரக்குக்குப் பிறகுதான் மனிதன் வந்தான். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் இயற்றப்பட்டு, 1924 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அது பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம். போடி மதராஸ் மாகாணத்தில் இருந்தது, மேலே ஏலமலையோ திருவிதாங்கூர் சமஸ்தானம். வண்டிகளுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயமானது 1946 ஜூலையில்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வரும். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவள் அம்மா விடியுமுன் ஜீப்பில் நெரிந்து உட்கார்ந்து, முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவும் ஏறித் தோட்ட வேலைக்குப் போய்வருவார். ஒருநாள் ஜீப் கவிழ்ந்தது. இடுப்பு எலும்பு முறிந்தது. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் சொந்த உபயோகத்துக்கென்று, மூன்றாம் தரப்புக்கு மட்டும் எடுத்தது. கூலிக்கு ஏற்றிய ஆட்களுக்குப் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. தோட்டத்துக்காரர் ஆள்களுக்கென்று எதுவும் போட்டிருக்கவில்லை. அடுத்த ஜூனில் அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. அம்மாவின் இடத்தில் அவள் ஜீப்பில் ஏறிவிட்டாள். வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். அவள் அம்மா பாயில் படுத்தபடியே என்னைக் கும்பிட்டார். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை.

செடிக்குக் காப்பீடு வந்தது கடைசியில். யோசனை என்னவோ பழசு. மழை அளவை வைத்தே விவசாயிக்கு இழப்பீடு தரலாம் என்று மைசூரில் ஜே.எஸ். சக்கரவர்த்தி 1920இலேயே புத்தகம் எழுதிவிட்டார். அது நடைமுறைக்கு வர எண்பது ஆண்டுக்கு மேல் ஆனது. இன்று கேரளத்தின் வானிலை சார்ந்த பயிர்க் காப்பீட்டில் ஏலமும் உண்டு. 2024 கோடையில் இடுக்கித் தோட்டங்கள் காய்ந்து நின்றதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மாணவரின் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். குடோனுக்கு இருந்தது. திருட்டுக்கு இருந்தது. ஜீப்புக்கும் இருந்தது. அவர் கடையில் காய் தரம் பிரிக்கும் பெண்கள் பதினொரு பேர். அவர்களுக்கென்று ஒரு தாளும் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நாளைக்கே கேட்டுர்றேன் சார்" என்றார். நேற்று நானே போன் போட்டேன். ஏலம் நடக்கிற நாள், அப்புறம் பேசுகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை கடைக்கே போய்வரலாம் என்றிருக்கிறேன்.