கொல்லிமலைச் சேறும் பிராண்ட் குடும்பமும்

பட்டணத்திலிருந்து கொல்லிமலைக்கு வர்ற நண்பர்கள் காரவள்ளியில் ஒரு டீ குடித்துவிட்டு, 70 கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கொண்டே மேலே போவாங்க. ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில், வல்வில் ஓரி சிலை, வரும்போது ஒரு கிலோ மிளகு. அவ்வளவுதான். வாழவந்தி நாட்டில் ஒரு வெள்ளைக்காரப் புருஷன் பொண்டாட்டி அடக்கமாகி இருக்கிறாங்கன்னு சொன்னால், "அப்படியா?" என்பார்கள். கீழே சமவெளியில் வெள்ளாமை பார்க்கிற எங்க ஆட்களிலேயே பாதிப்பேருக்கு இது தெரியாது.

ஜெஸ்ஸி பிராண்ட். பேரைப் பார்த்து பெண் என்று நினைத்துவிடாதீங்க, ஆள் ஆண்தான். 1907ல் இங்கிலாந்திலிருந்து ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் ஊழியராக வந்தவர். அந்த மிஷனுக்கு நம்ம சேந்தமங்கலத்தில் ஒரு நிலையம் இருந்தது. அங்கிருந்து தலையைத் தூக்கினால் மலைதான் தெரியும். அப்போது ரோடு கிடையாது, மலைக்காய்ச்சல் உண்டு. மலைக்கு மேலே போய்த் தங்கினவன் திரும்ப மாட்டான் என்று கீழ்நாட்டில் சொல்லிக்கொண்ட காலம். அந்த மனுஷன் அங்கேயே போய்க் குடியிருப்பது என்று முடிவு பண்ணினார். மர வீட்டைக் கீழேயே துண்டு துண்டாகச் செய்து, சுமையாட்களை வைத்து மேலே ஏற்றி, அங்கே பொருத்தினார்.

1913ல் எவ்லின் ஹாரிஸ் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். லண்டனில் வசதியான வியாபாரி வீட்டுப் பெண், ஓவியம் வரைகிறவர். கல்யாணம் முடிந்த கையோடு ரெண்டு பேரும் மலை ஏறினார்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. அடுத்த வருடம் ஜூலையில் மகன் பால் பிறந்தான்.

மலையாளி ஜனங்கள் (கேரளத்துக்காரங்க இல்லீங்க, நம்ம மலைக்குடிகளுக்கு அதுதான் பேர்) மருந்து வாங்கிக்கொண்டார்கள். நரம்புச் சிலந்திப் புழுவை எடுத்துவிடச் சொல்லி வந்தார்கள். தச்சு வேலை கற்றுக்கொண்டார்கள். ஆனால் வருடக்கணக்கில் ஒருத்தர்கூட மதம் மாறவில்லை. ஊர்ப் பூசாரிக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. அவர் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. தலைமுறையாகச் சாமி கும்பிட்ட இடத்தில் எவனோ வந்து வேறு சாமியைச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

1918-19ல் உலகம் முழுக்க அடித்த விஷக்காய்ச்சல் கொல்லிமலைக்கும் வந்தது. சொந்தக்காரங்களே வீட்டைப் போட்டுவிட்டு ஓடிய நேரம். ஜெஸ்ஸியும் எவ்லினும் பெரிய பானையில் கஞ்சி காய்ச்சி, குடிசை குடிசையாகத் தூக்கிக்கொண்டு போய் ஊட்டினார்கள். பூசாரியும் படுத்தார். தன்னைப் பார்க்க வந்தது யார், வராமல் போனது யார் என்று அவர் கவனித்திருக்கிறார். சாகும் முன்னே தன் பிள்ளைகளை இவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். அதில் கைக்குழந்தை ஒரு பெண். ரூத் என்று பேர் வைத்து வளர்த்தார்கள். அதுக்கப்புறம்தான் மலையில் சபை உருவானது.

மதம் மாத்தத்தானே வந்தாங்க என்று கேட்பீங்க. ஆமா, அதுக்குத்தான் வந்தார்கள், மறைக்கவும் இல்லை. எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆனால் பகையாளி வீட்டுக்குள் கஞ்சியோடு நுழைவதற்கு என்ன மனசு வேண்டும் என்று யோசித்தால், மேற்கொண்டு பேச வாய் வரமாட்டேங்குது.

பால் ஒன்பது வயசு வரைக்கும் இந்த மலையில்தான் வளர்ந்தார். பின்னாளில் அவர் எழுதிய ஒரு கட்டுரை விவசாயியான எனக்கு ரொம்ப நெருக்கம். சின்னப் பையன்களாகச் சேர்ந்து படிவயலில் இறங்கித் தவளை பிடித்திருக்கிறார்கள். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டின வயல், மேல் வயலில் நிரம்பின தண்ணீர் வரப்புத் தாண்டிக் கீழ் வயலுக்கு இறங்கும். வரப்பையும் தண்ணியையும் பார்த்துக்கொள்கிற ஒரு தாத்தா வந்தார். அடிப்பார் என்று பையன்கள் நடுங்கி நின்றார்கள். அவர் குனிந்து ஒரு கைப்பிடி சேற்றை அள்ளிக் காட்டினார். இந்தச் சேறு வருஷா வருஷம் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும், மேல் வயலில் இருந்தால் மேல் வயலுக்கு, கீழே இறங்கினால் கீழ் வயலுக்கு, ஆனால் ஓடையில் விழுந்துவிட்டால் அவ்வளவுதான், அது திரும்பி மலை ஏறாது என்று சொன்னார். தண்ணீர் கலங்கி ஓடினால் வயலை விட்டு வெளியே வந்துவிடணும். இவ்வளவுதான் பாடம். அந்தத் தாத்தா பைபிள் படித்தவரா என்ன? ஆனால் மிஷனரி மகனுக்கு முதல் குருமார்களில் ஒருத்தர் அவர்தான் என்பேன்.

1923ல் படிப்புக்காகப் பையனையும் தங்கச்சியையும் லண்டனில் அத்தைமார் வீட்டில் விட்டுவிட்டு, அப்பா அம்மா மலைக்குத் திரும்பினார்கள். அப்பா கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். இந்த மரம், அந்தப் பூச்சி, இன்றைக்குப் பார்த்த ஒரு காட்சி, அதில் கடவுள் கைவண்ணம் எங்கே தெரிகிறது என்று. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்து பிள்ளை வளர்ப்பு. 1929 ஜூன் 15ல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். தந்தி முதலில் போய்விட்டது. கடிதங்கள் கப்பலில் அல்லவா போகணும்? செத்துப்போன அப்பாவிடமிருந்து வாரக்கணக்கில் கடிதம் வந்துகொண்டே இருந்ததாம். இந்த இடத்தை எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கு.

பால் கட்டட வேலை பழகி, அப்புறம் மருத்துவம் படித்து, 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கையை அறுவை சிகிச்சையால் விரிய வைத்தது பெரிய கதை, அது உலகத்துக்கே தெரியும். எனக்குப் பிடித்தது அவரே சொல்லும் ஒரு சின்னச் சம்பவம். வேலூரில் ஒரு பயிற்சி மருத்துவர் நோயாளியின் கட்டிலருகே குனிந்து கேள்வி கேட்கிறார். அந்தத் தலைச்சாய்ப்பு, அந்தச் சிரிப்பு, அந்தக் கண், எல்லாம் அச்சு அசல் லண்டனில் பாலுக்கு அறுவை சிகிச்சை கற்றுக்கொடுத்த பேராசிரியர் பில்ச்சர் மாதிரி! அவரை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் பையன் முழிக்கிறான். மற்ற மாணவர்கள் சிரித்துக்கொண்டே, "பில்ச்சர் யாருன்னு தெரியாது சார், இது உங்க முகம்" என்கிற மாதிரி சொல்லியிருக்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே லண்டன் முகம் வேலூர் வந்து சேர்ந்திருக்கிறது. எங்க அப்புச்சி மடை திறக்கும்போது மம்பட்டியைத் தோளில் மாற்றிப் போடுவார். நானும் அப்படித்தான் போடுகிறேன் என்று வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எவ்லின் பாட்டி கதை இன்னும் முடியவில்லை. வயது எழுபதை நெருங்கும்போது மிஷன் ஓய்வு கொடுத்தது. இங்கிலாந்துக்குப் போய் உட்காருவார் என்று எல்லோரும் நினைக்க, பாட்டி மலைக்குப் போய்விட்டார். கொல்லிமலையோடு நிற்காமல் கல்வராயன், பச்சைமலை, சித்தேரி என்று புருஷனும் தானும் கனவு கண்ட மலைகளுக்கெல்லாம் மட்டக்குதிரையில் போனார். குதிரையிலிருந்து விழுந்தார், எலும்பு முறிந்தது, ரெண்டு மூங்கில் கம்பை ஊன்றி நடந்தார். போதும்மா என்று மகன் டாக்டர் கெஞ்சியும் கேட்கவில்லை. வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளாமல் வருஷக்கணக்கில் இருந்தாராம். பிடிவாதக்காரி. கூட இருந்தவங்க பாடு சுலபமாக இருந்திருக்காது.

1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். மலை ஜனங்களே அவரை வாழவந்தியில் ஜெஸ்ஸிக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

அடுத்த முறை மிளகு வாங்கப் போகும்போது அந்தப் பக்கமும் ஒரு எட்டுப் போய்ட்டு வாங்க. மழைநாளாக இருந்தால் வழியில் ஓடைத் தண்ணி என்ன நிறத்தில் ஓடுதுன்னு பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. போன ஐப்பசியில் நான் பார்த்தபோது செம்மண் நிறமாக இருந்தது.