கடன் குரலில் ஐந்து வெற்றிகள்

நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் பாதியை விடச் சற்றே பெரிய நாடு லக்சம்பர்க். யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் 1956 முதலே உண்டு. 1960ல் முதன்முறையாக லக்சம்பர்கிய மொழியில், மண்ணின் மைந்தர் கமில்லோ ஃபெல்கனைப் பாட வைத்தார்கள். கிடைத்தது ஒரே ஒரு புள்ளி, கடைசி இடம்!

மறு வருடமே பிரெஞ்சுக்காரர் ழான் க்ளோட் பஸ்காலை இறக்கினார்கள். முதலிடம். பிறகு 1965, 1972, 1973, 1983 என்று மேலும் நான்கு வெற்றிகள். ஐந்தில் ஒன்றைக்கூட லக்சம்பர்க்காரர் பாடவில்லை. (வெளியூர் ஆட்டக்காரரை இறக்கிக் கபடிக் கோப்பையை அடிக்கும் கதைதான்.)

ஜெயித்த நாடுதான் அடுத்த போட்டியை நடத்த வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை செலவா என்று 1974ல் கைவிரித்துவிட்டார்கள். பிபிசி பிரைட்டனில் நடத்தியது. ஸ்வீடனின் 'அப்பா' குழு ஜெயித்தது அந்த மேடையில்தான்.

1993க்குப் பின் ஒதுங்கிய லக்சம்பர்க், 31 வருடம் கழித்து 2024ல் திரும்பியது. இம்முறை அந்நாட்டோடு தொடர்புள்ளவர்களையே தேடினார்கள். பாடியவர் டாலி. கிடைத்தது 13ம் இடம்.