மருந்தை எதில் வைப்பது?

தீபாவளிக்கு வெடி வாங்கும்போது உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. தாயில்பட்டி, வெம்பக்கோட்டை பக்கத்து ஆட்களுக்கு அதுதான் பிழைப்பு. வெடி செய்வதை விட, கலந்த மருந்தைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் பெரிய தலைவலி. துப்பாக்கி வந்த காலத்திலேயே ஆரம்பித்த தலைவலி இது!

கருமருந்து என்பது சுமார் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். ஈரம் பட்டால் வீண், பொறி பட்டால் காலி. இரும்போடு இரும்பு உரசினால் பொறி வரும் என்பதால் மரப் பீப்பாயில், செம்பு வளையம் போட்டு வைத்தார்கள். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கோட்டை விட்டார்கள். இத்தாலியின் பிரேசியா நகரில் மருந்து வைத்திருந்த இடத்தில் 1769-ல் இடி விழுந்து, ஊரின் ஒரு பகுதியே தரைமட்டமானது.

சிப்பாயின் கையில் இருந்த தோட்டாவும் ஒரு டப்பாதான், காகித டப்பா. ஈரம் புகாமலும், குண்டு குழாயில் சுலபமாக இறங்கவும் அதற்குக் கொழுப்பு தடவினார்கள். பசுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்று 1857-ல் கிளம்பிய சந்தேகம் எங்கே போய் முடிந்தது என்பது பள்ளிக்கூடப் பாடம். (பேக்கிங் விஷயத்தில் இவ்வளவு பெரிய நஷ்டம் கண்ட கம்பெனி வேறு இருக்காது.)

அடுத்து வந்தது புகையில்லா மருந்து. நீலகிரி அருவங்காட்டில் கார்டைட் ஆலை வந்தது இந்தக் காலத்தில்தான். இந்த மருந்துக்கு ஈரத்தோடு சூடும் ஆகாது. நாள்பட்டால் தானாகவே கெட்டு, தானாகவே பற்றிக்கொள்ளும். பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் இயேனா 1907-லும் லிபர்டே 1911-லும் துறைமுகத்தில் நின்றபடியே வெடித்ததற்கு இப்படிக் கெட்டுப்போன மருந்தையே காரணம் சொன்னார்கள்.

அப்படியென்றால் கெட்டியான இரும்புப் பெட்டியில் இறுக்கி மூடி வைத்தால்? அதுதான் மகா தப்பு. திறந்து கிடக்கும் கருமருந்து புஸ்ஸென்று எரியும். அதையே காகிதத்தில் இறுக்கிச் சுற்றினால் சத்தத்தோடு வெடிக்கும். பட்டாசின் ரகசியமே இந்த இறுக்கம்தான். ஆகவே மருந்து வைக்கும் டப்பா, உள்ளே தீப்பிடித்தால் சுலபமாகத் திறந்துகொள்ள வேண்டும்.

பட்டாசு மருந்தில் அலுமினியப் பொடியும் உண்டு. நைட்ரேட் உப்போடு கலந்திருக்கும்போது ஈரம் பட்டால் அது மெல்லச் சூடாகும். அதனால்தான் ஆலைகளில் அன்று கலந்ததை அன்றே தீர்க்க வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது என்று கண்டிப்பு. ஆனால் வீட்டில் திருட்டுத்தனமாக வெடி சுற்றும் இடத்தில் மிச்சத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? 2021 ஜூனில் தாயில்பட்டியில் அப்படி ஒரு வீடுதான் வெடித்துச் சிதறியது. செத்தவர்களில் ஒரு குழந்தையும் உண்டு.